ரேடியோ நின்றுபோன டீக்கடை: ஐந்து மாதம் என் கண்ணில் படாத ஒரு மனச்சோர்வு

மதுரைப் பக்கம் ஒரு சிறிய ஊரில் பொது மருத்துவராக இருக்கிறேன். சாயங்காலம் ஐந்தரைக்கு கிளினிக் திறந்தால் மூட ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். இங்கே பதிவு செய்வது என்னிடம் ஐந்து மாதம் தொடர்ந்து வந்துகொண்டிருந்த ஒருவரைப் பற்றி. அவருக்கு இருந்தது மனச்சோர்வு. அதை நான் அந்த ஐந்து மாதமும் கண்டுபிடிக்கவில்லை. எழுதுவதற்கு அவரும் அவர் மனைவியும் சம்மதித்தார்கள். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். நோய் போன வழியும் நான் சறுக்கிய இடங்களும் நடந்தபடியே இருக்கின்றன.

பின்னணி

வயது 54. பேருந்து நிறுத்தத்தை ஒட்டி இருபது வருடத்துக்கும் மேலாக டீக்கடை. அவரே மாஸ்டர், கல்லாவும் அவரே. வடையும் பஜ்ஜியும் மனைவி கை. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய், அதற்கு மெட்ஃபார்மின். குடி, புகை இல்லை.

அதிகாலை 3:30க்கு எழுந்து 4 மணிக்குக் கடையைத் திறப்பார். பால் காய்ந்ததும் முதல் டீ சாமி படத்துக்கு. இரண்டாவதைத் தானே ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். டிகாஷன் ஏறியிருக்கிறதா, சர்க்கரை நிற்கிறதா என்று தெரிந்த பிறகுதான் வியாபாரம். கூடவே ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும். பக்திப் பாட்டில் தொடங்கி, செய்தி முடிந்து, பழைய சினிமாப் பாட்டு வரைக்கும். அந்தச் சத்தத்தை வைத்தே மணி சொல்லுவார்கள் ஊரில். சர்க்கரை போட்ட அந்த ஒரு வாய்க்காக நான் அவரைப் பலமுறை கண்டித்திருக்கிறேன்.

நோய் தொடங்குவதற்கு முந்தைய தை மாதம் அவருடைய அம்மா இறந்துபோனார். வைகாசியில் மூத்த மகள் கல்யாணமாகித் திருப்பூர் போனாள். இளைய மகள் கல்லூரியில் படிக்கிறாள். கல்யாணக் கடன் இருந்தது, ஆனால் கட்ட முடியாத கடன் இல்லை. யார் வீட்டிலும் நடப்பதுதானே என்று நானும் நினைத்தேன், அவரும் அப்படித்தான் சொன்னார்.

ஐந்து வருகைகள்

ஆடியில் முதல் தடவை வந்தபோது நெஞ்செரிச்சல், வயிறு உப்புசம், ஏப்பம். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல் எழுதிக் கொடுத்தேன். டீக்கடைக்காரருக்கு நேரம் தவறிச் சாப்பிடுவதால் கேஸ் வருவது சகஜம் என்று மனதில் ஒரு முடிவு இருந்தது.

ஆவணியில் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, முதுகு, பிடரி. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரி, ஹீமோகுளோபின் சரி. வைட்டமின் பி12 மட்டும் கொஞ்சம் குறைவு. மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு அது குறைவதுண்டு. காரணம் கிடைத்துவிட்ட நிம்மதியில் ஊசி போட ஆரம்பித்தேன். நான்கு வாரம் போட்டும் அசதி அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு மாதத்தை அந்தப் பி12 தின்றுவிட்டது.

புரட்டாசியில், “நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு டாக்டரம்மா” என்றார். விடியற்காலையில்தான் அதிகம், பொழுது ஏற ஏறக் குறைகிறது என்றும் சொன்னார். ஈசிஜி எடுத்தேன், கோளாறு இல்லை. மதுரைக்கு அனுப்பி எக்கோவும் டிரெட்மில் சோதனையும் செய்யச் சொன்னேன். இரண்டும் நன்றாகவே இருந்தன. இதை இன்றைக்கும் தவறென்று சொல்லமாட்டேன். 54 வயதுச் சர்க்கரை நோயாளி நெஞ்சில் பாரம் என்றால் இதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி என்று தமிழில் ஒருவர் சொன்னால் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. அது எனக்குத் தெரியாததா என்ன? என் பாட்டி வாழ்நாள் முழுக்கச் சொன்ன வார்த்தை. கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தக் காது மூடிக்கொண்டது.

ஐப்பசியில் எடை 68 கிலோவிலிருந்து 62 ஆகியிருந்தது. பசி இல்லை என்றார். புற்றாக இருந்துவிடுமோ என்ற பயத்தில் எண்டோஸ்கோப்பி. லேசான இரைப்பை அழற்சி, வேறொன்றும் இல்லை. அதே வாரம் பார்த்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 7.4லிருந்து 6.6க்கு இறங்கியிருந்தது. “இப்ப டீயே குடிக்கிறதில்ல” என்றார். “ரொம்ப நல்லதுண்ணே, இப்படியே இருங்க” என்று பாராட்டினேன். இருபது வருடமாகத் தினம் ருசி பார்த்துக் கடை திறந்தவர் ருசி பார்ப்பதை நிறுத்திவிட்டார். அதற்கு நான் கொடுத்தது பாராட்டு. இந்தப் பதிவில் எழுதக் கஷ்டமாக இருந்த வரி இதுதான்.

கார்த்திகையில் மலச்சிக்கல், கை கால் ஓய்ச்சல். அன்றைக்குத்தான் தூக்கத்தைப் பற்றிக் கேட்டேன். “கடைக்கு மூன்றரைக்கு எந்திரிக்கணும்ல, அதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துரும்” என்று சிரித்தார். கேஸ் ஷீட்டில் “தூக்கம்: பரவாயில்லை” என்று எழுதினேன். அந்த முழிப்பு ஒன்றரை மணிக்கு வருகிறது, அதிலிருந்து மூன்றரை வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார் என்பது பின்னால் தெரிந்தது. வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாக விழித்துவிடுவது மனச்சோர்வின் பழைய, நன்றாகத் தெரிந்த அறிகுறி. பாடப் புத்தகத்தில் படித்ததுதான். டீக்கடைக்காரர் சீக்கிரம் எழுவதில் என்ன அதிசயம் என்று அவருடைய தொழிலே அதை மறைத்துவிட்டது.

இந்த ஐந்து முறையும் அவர் சிரித்த முகமாகத்தான் இருந்தார். சட்டை துவைத்து மடிப்புக் கலையாமல் இருக்கும். கம்பவுண்டரிடம் ஊர்க்கதை பேசுவார்.

வாசலில் சொன்ன வார்த்தை

மார்கழியில் அவர் மனைவி தன் முழங்கால் வலிக்காக வந்தார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து கதவுவரை போனவர் திரும்பி நின்றார்.

“வேற ஒன்னுமில்ல டாக்டரம்மா. இவுக இப்ப ரேடியோவே போடுறதில்ல. துண்டப் போட்டு மூடி வச்சிருக்காக. கேட்டா, தலைக்குள்ள சத்தமா இருக்குங்கிறாக.”

மறுபடி உட்காரச் சொன்னேன். அடுத்த இருபது நிமிடத்தில் அவர் சொன்னதெல்லாம் ஐந்து மாதத்தில் என் காதில் விழாதவை. ஒரே டீயில் இரண்டு தடவை சர்க்கரை போட்டுவிடுகிறார். பாக்கி நோட்டில் இருபது நாளாக ஒரு வரி எழுதவில்லை. பன்னிரண்டு ரூபாய் பாக்கிக்காகப் பதினைந்து வருட வாடிக்கைக்காரரைக் கை ஓங்கிப் பேசிவிட்டார். மூத்த மகள் போன் செய்தால் “அம்மாகிட்ட பேசு” என்று கொடுத்துவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பது நின்றுபோய் மூன்று மாதம். கடையில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள்: வயதாகிறது, சுகர் ஏறினால் கோபம் வரும், சம்பந்தி வீட்டில் ஏதோ தகராறு.

கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். கணவருடைய சித்தப்பா இதே வயதில் இப்படித்தான் பேச்சைக் குறைத்தாராம், அப்புறம் “தவறிட்டாக”. அந்தச் சொல்லைத் தெற்கத்தி வீடுகளில் எதற்கெல்லாம் சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் மேற்கொண்டு தோண்டவில்லை. அன்றிரவே அவரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

காலை ஏழு மணி

இரவு பார்க்கவில்லை, மறுநாள் காலை வரச் சொன்னேன். அதற்குக் காரணம் இருந்தது. நெஞ்சுப் பாரம் விடியலில் கூடி மாலையில் குறைகிறது என்று அவர் புரட்டாசியிலேயே சொல்லியிருந்தார். ஒரு வகை மனச்சோர்வில் அப்படித்தான் நடக்கும். காலைதான் நாளின் மோசமான பொழுது. என் கிளினிக்கோ சாயங்காலம். ஐந்து மாதமும் அவருடைய நாளின் ஆகச் சிறந்த இரண்டு மணி நேரத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரவைத் தாண்டுவதில் ஆபத்து இல்லையா என்று கேட்கலாம். மனைவியிடமும் தம்பியிடமும் பேசி, ராத்திரி அவரைத் தனியே விட வேண்டாம் என்று சொல்லி வைத்த பிறகுதான் காலைக்கு ஒப்புக்கொண்டேன்.

தம்பியோடு வந்தார். சவரம் செய்து நாலைந்து நாள் இருக்கும். கேள்வி கேட்டால் பதில் வர நேரம் பிடித்தது, குரல் கீழே போயிருந்தது. வீட்டில் போட்ட டீயை ஒரு டம்ளரில் கொடுத்தேன். வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பேசி முடிக்கும் வரை அப்படியே பிடித்திருந்தார். டீ ஆறி, மேலே ஆடை படிந்து, அது சுருங்கி ஓரத்தில் ஒட்டியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார், உதட்டருகே கொண்டுபோகவில்லை.

“மனசு கஷ்டமா இருக்காண்ணே?”

“இல்லையே.”

“அழுகை வருதா?”

“வரமாட்டேங்குது. வந்தாலாச்சும் தேவல.”

வழக்கமான கேள்விகளை அங்கே விட்டுவிட்டு, “முன்னாடி செஞ்சுக்கிட்டிருந்து இப்ப விட்டது என்னென்ன?” என்று கேட்டேன். அதற்குப் பதில் வந்தது. ரேடியோ, பேப்பர், முதல் டீ, வெள்ளிக்கிழமை கோவில், மகளோடு பேச்சு. ஒவ்வொன்றாக விரல் மடக்கினார். “எல்லாமே சப்புன்னு இருக்கு டாக்டரம்மா. டீ போடுறேன், அது எனக்குத் தெரியல.”

பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியலை வாசித்துக் காட்டினேன். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். 10ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டிய மனச்சோர்வு. அவருக்கு 18. சோகமாக, மனம் தளர்ந்து இருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் பூஜ்யம் சொன்னார். ஈடுபாடின்மை, தூக்கம், அசதி, பசி, கவனம் எல்லாம் உச்சத்தில். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 வரையறையில் முக்கிய அறிகுறிகள் மூன்று: தளர்ந்த மனநிலை, ஆர்வம் அற்றுப்போவது, சக்தி குறைவது. இவற்றில் இரண்டு இருந்து, மற்ற அறிகுறிகளும் சேர்ந்து இரண்டு வாரம் நீடித்தால் போதும். சோகம் கட்டாயமில்லை.

பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டேன். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? இப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அப்படி ஆவதில்லை. கேட்டால் பெரும்பாலும் பாரம்தான் இறங்கும். “படுத்தா எந்திரிக்காமப் போயிட்டா நல்லதுன்னு தோணும். நானா எதுவும் பண்ணிக்க மாட்டேன். சின்னவ இருக்காள்ல” என்றார். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவரை அவருக்கு இது தெரியாது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் வேலை பாதுகாப்பு. வயலுக்கு அடிக்கும் மருந்து வீட்டுப் பின்கட்டில் இருந்தது. அன்றே தம்பி எடுத்துக்கொண்டு போனார். மாத்திரைகள் எல்லாம் மனைவி பொறுப்பில், ஒரு வாரத்துக்கு மேல் நான் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ராத்திரி ஒன்றரைக்கு முழிப்பு வந்தால் மனைவியை எழுப்ப வேண்டும். யாரிடமும் பேச முடியாத நேரத்துக்கு 14416 என்ற டெலிமானஸ் எண்ணைப் பாக்கி நோட்டின் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். இந்திய அரசின் இலவசத் தொலைபேசி மனநலச் சேவை அது. 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலும் பேசலாம்.

இரண்டாவது, மனநல மருத்துவர். அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மருத்துவர் இருக்கிறார், போகலாம் என்றேன். வேண்டாம் என்றார், உறுதியாக. “சின்னவளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பாக்கணும். அந்த வரிசையில நான் நின்னேன்னா ஊரே பேசும்.” இந்தப் பயம் வெறும் பிரமை இல்லை. எங்கள் ஊரில் அது நடக்கும். 2015-16ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனச்சோர்வு உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் அளவுக்குச் சிகிச்சை இல்லாமல் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் இவரைப் போல ஏதோ ஒரு டாக்டரிடம் மாதாமாதம் வயிற்றுக்கும் முதுகுக்கும் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

கட்டாயப்படுத்தினால் என்னிடமும் வரமாட்டார். அதனால் மனநல மருத்துவரிடம் போனில் பேசி, சிகிச்சையை என் கிளினிக்கிலேயே தொடங்கினேன். நிபந்தனை ஒன்றுதான்: சாகும் எண்ணம் கொஞ்சம் கூடினாலும் அன்றே மருத்துவமனை. ஒப்புக்கொண்டார். மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம் மாத்திரை முதல் வாரம் 5 மில்லிகிராம், அப்புறம் 10. இதற்கு முன் எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகம், தூங்காமலேயே தெம்பு என்று இருந்ததா என்று கேட்டு, இல்லை என்று உறுதி செய்த பிறகே கொடுத்தேன். அப்படி இருந்திருந்தால் அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம், இந்த மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் அந்த உற்சாகத்தைக் கிளறிவிடக்கூடும்.

மூன்றாவது, கடை. மூடச் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். மனைவி தடுத்தார்: “கடையும் இல்லேன்னா சுவத்தப் பாத்து உக்காந்துருவாக.” அவர் சொன்னதுதான் சரி. ஒரு மாதத்துக்குத் தம்பி மகன் 4 மணிக்குத் திறப்பது, இவர் ஆறுக்கு மேல் வருவது என்று ஏற்பாடு.

தொடர்ந்த வாரங்கள்

பத்தாம் நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். குமட்டல், வயிற்றுப்போக்கு. போதாததற்கு வாடிக்கைக்காரர் ஒருவர், “இது தூக்க மாத்திரை, பழகிரும்” என்று சொல்லியிருக்கிறார். தவறு என்னுடையது. முதல் ஒன்றிரண்டு வாரம் வயிறு படுத்தும், கொஞ்சம் படபடப்புகூட வரலாம், பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தேன்தான். ஆனால் காலை ஏழு மணிக்கு, ஒரு வாக்கியம்கூடத் தலைக்குள் நிற்காத மனிதரிடம் சொன்னேன். மனைவியிடம் சொல்லவில்லை, எழுதியும் தரவில்லை. மறுபடி 5 மில்லிகிராமில், சாப்பாட்டுக்குப் பிறகு என்று தொடங்கினோம். தூக்க மாத்திரை இல்லை, போதைக்குப் பழக்காது, ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும் என்பதைத் துண்டுச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

இன்னொரு தவறும் செய்தேன். பிடித்த காரியங்களைச் சிறுகச் சிறுகத் திரும்பத் தொடங்கச் சொல்வது இந்தச் சிகிச்சையில் முக்கியமான பகுதி. அதனால் தினமும் பத்து நிமிடம் ரேடியோ போடுங்கள் என்றேன். போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் வந்து, “பாட்டு ஓடுது, எனக்குள்ள ஒன்னும் ஆகல. அதுதான் பயமா இருக்கு” என்றார். அதிகம் நேசித்ததை முதலில் கேட்டுவிட்டேன். அதை விட்டுவிட்டு வேறொன்று சொன்னேன்: முதல் டீயை ஒரு வாய் குடித்து, சர்க்கரை சரியா இல்லையா என்று மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரசிக்க வேண்டியதில்லை, சொன்னால் போதும். அதைச் செய்தார்.

மூன்றாம் வாரம் தூக்கம் கொஞ்சம் நீண்டது. ஒன்றரை மணி முழிப்பு மூன்றுக்குப் போனது. இந்தக் கட்டத்தில் உடம்புக்குத் தெம்பு முன்னே வரும், மனம் பின்தங்கி நிற்கும். ஆபத்து எண்ணம் உள்ளவர்களுக்குக் கவனம் தேவைப்படும் காலம். அதனால் வாரம் இரண்டு முறை, காலையில் பார்த்தேன். நான்காம் வாரம் அவராகவே, பக்கத்துத் தாலுகாவில் மனநல முகாம் நடக்கும் நாளில் போகிறேன் என்றார். தெரிந்த முகம் இருக்காது என்பதுதான் காரணம். சரி என்றேன். அந்த மருத்துவர் நோயை உறுதி செய்து, மருந்தையும் அதே அளவில் தொடரச் சொன்னார்.

ஆறாம் வாரம் மதிப்பெண் 9. பசி திரும்பியது, எரிச்சல் அடங்கியது. பன்னிரண்டு ரூபாய் வாடிக்கைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டதாக மனைவி சொன்னார். பன்னிரண்டாம் வாரம் 4. கடையை மறுபடி 4 மணிக்கு அவரே திறந்தார். நெஞ்செரிச்சல், முதுகுவலி, நெஞ்சுப் பாரம் மூன்றும் அவற்றுக்கென்று தனி மருந்து இல்லாமலேயே போய்விட்டன. ரேடியோதான் எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தது, சித்திரையில். யாரும் சொல்லாமல் ஒரு நாள் துண்டை எடுத்திருக்கிறார்.

நான் மாற்றிக்கொண்டவை

பரிசோதனைகளை இனியும் செய்வேன். ஆனால் அவை முடியும் வரை மனத்தைப் பற்றிய கேள்வியைத் தள்ளிப்போடமாட்டேன். இரண்டையும் ஒரே நாளில் தொடங்குவேன். உடம்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மனம் என்று வரிசை வைத்ததால் ஐந்து மாதம் போனது, அவர் பணமும் ஏகப்பட்டது போனது.

சர்க்கரை நோயாளிகளுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. அது தெரிந்தும் நான் கேட்டதில்லை. இப்போது சர்க்கரை பார்க்க வருகிற எல்லோரிடமும், எதையாவது விட்டுவிட்டீர்களா என்று கேட்கிறேன். “சோகமா இருக்கீங்களா” என்று கேட்பது குறைந்துவிட்டது. ஆண்களிடம் அதற்கு “இல்லை” என்ற பதில்தான் தயாராக இருக்கும். விட்டது என்ன என்று கேட்டால் கோலத்தைச் சொல்கிறார்கள், சீட்டாட்டத்தைச் சொல்கிறார்கள், பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுவதைச் சொல்கிறார்கள். காரணமில்லாமல் எடை குறைந்திருந்தால் முதலில் பாராட்டுவதில்லை, ஏன் என்று கேட்கிறேன்.

தூக்கத்துக்கு “பரவாயில்லை” என்று எழுதுவதில்லை. படுத்த மணி, விழித்த மணி, அப்புறம் எழுந்த மணி, மூன்றையும் எண்ணில் எழுதுகிறேன். காரணம் பிடிபடாத உடம்பு வலிக்காரர்களை ஒரு தடவையாவது காலையில் வரச் சொல்கிறேன். ஞாயிறு காலை ஏழிலிருந்து எட்டு வரை அதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். வீட்டு ஆளை, நோயாளியின் சம்மதத்தோடு, தனியாகப் பத்து நிமிடம் பார்க்கிறேன். மனைவிக்கு முழங்கால் வலி வந்திராவிட்டால் அந்த ரேடியோ விஷயம் எனக்கு எப்போது தெரிந்திருக்கும் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் மாத்திரை தொடர வேண்டும். குடும்பத்தில் ஏற்கெனவே இருந்திருப்பதால் இவருக்கு ஒரு வருடம் என்று மனநல மருத்துவர் முடிவு செய்திருக்கிறார். அப்புறம் மெதுவாகக் குறைப்போம்.

போன மாதம் சர்க்கரை பார்க்க வந்தார். எடை 67 கிலோ, மூன்று மாதச் சராசரி 7.3. முதல் டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். “ஒரு வாய்தான் டாக்டரம்மா” என்று தயங்கிச் சொன்னார், வழக்கமான திட்டை எதிர்பார்த்து. அதைக் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டு, மெட்ஃபார்மினை மட்டும் 500 மில்லிகிராம் கூட்டிக் கொடுத்தேன்.